லண்டனைக் கடைத்தெரு வழியாகச் சுற்றுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனுக்கு வரும் நண்பர்கள், உறவினர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்? பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசல், ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் என்றால் இரண்டே நாள் போதும், கால் வலியோடு முடித்துவிடலாம். ஆனால் அங்கே உங்களைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊர்க்காரர்கள் மீன் வாங்குவதும், முடி வெட்டிக்கொள்வதும், சாவி நகல் போடுவதும், ஞாயிறு காலையில் குழந்தையோடு தேநீர் குடிப்பதும் அவரவர் பேட்டையின் முக்கியக் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டில்தான். மையத்துக்கு ஒரு நாள் கொடுங்கள், தப்பில்லை. மிச்ச நாட்களில் நாளுக்கு ஒரு கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு, முழு நாள். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

தெருவைத் தேர்ந்தெடுப்பது

லண்டன் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அல்ல. பல ஊர்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் இந்த ஊர். இப்போதுள்ள எல்லையே 1965-ல் வந்தது. 32 பரோ என்ற உள்ளாட்சி வட்டாரங்கள், அவற்றோடு நடுவில் 'சிட்டி' என்ற ஒரு சதுர மைல். பழைய ஊர்கள் பலவும் பழைய சாலைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. அந்தச் சாலைகளில் சில ரோமானியர்கள் போட்டவை. எட்ஜ்வேர் ரோடு, வாட்லிங் ஸ்ட்ரீட்டின் மேல் போகிறது. ஷோர்டிச்சிலிருந்து டால்ஸ்டன், ஸ்டோக் நியூயிங்டன், டாட்டன்ஹாம் என்று வடக்கே ஓடும் ஏ10 சாலை எர்மின் ஸ்ட்ரீட். கிளாப்பம், பாலம், டூட்டிங் வழியாகத் தெற்கே போவது ஸ்டேன் ஸ்ட்ரீட். வரைபடத்தைத் திறந்து, மையத்திலிருந்து வெளியே நேர்கோடாக ஓடும் இந்தத் தடித்த சாலைகளைப் பாருங்கள். அவற்றில் 'ஹை ரோடு', 'ஹை ஸ்ட்ரீட்', 'பிராட்வே' என்று பெயர் மாறும் இடங்களில்தான் பழைய ஊர்களின் நடு இருக்கும்.

அப்புறம் அந்தச் சாலையில் அடுத்தடுத்து இரண்டு ரயில் நிலையங்களைப் பிடியுங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்று வரை நடப்பதுதான் உங்கள் திட்டம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் கடைக்குள் நுழைந்து, சந்து திரும்பி, சாப்பிட்டு, பூங்காவில் உட்கார்ந்து எழுந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

எந்தக் கிழமை, எத்தனை மணி

இதில் கோட்டை விட்டால் நாளே வீண். தெருச் சந்தைகள் பெரும்பாலும் ஞாயிறு இருக்காது. வால்தம்ஸ்டோவின் சந்தை, தெருவோடு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், திங்களும் கிடையாது. நேர்மாறாக பிரிக் லேனும் கொலம்பியா ரோடு பூச்சந்தையும் ஞாயிற்றுக்கிழமைக்கே உரியவை. சின்ன அருங்காட்சியகங்கள், ஓவியக் கூடங்களில் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். இன்னொன்று, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், அதனால் சூப்பர் மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஷட்டரைத்தான் பார்ப்பீர்கள். தெருமுனைச் சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

என்னைக் கேட்டால் வெள்ளி அல்லது சனி, காலை பத்தரை வாக்கில் போய் இறங்குங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

ரயிலில் போங்கள், பஸ்ஸில் திரும்புங்கள்

கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள வங்கி அட்டை கையில் இருந்தால் ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை தனியாக வாங்கத் தேவையில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தேய்க்க முடியாது. காலையில் போனைத் தட்டினால் மாலையிலும் போனையே தட்டுங்கள். போனில் இருப்பதும் பர்ஸில் இருப்பதும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு அட்டைகள், மாற்றி மாற்றித் தட்டினால் ஒரு நாளில் கட்டணம் இதற்கு மேல் போகாது என்ற உச்சவரம்புக் கணக்கு குழம்பிப் போகும். வெளிநாட்டு அட்டை என்றால் உங்கள் வங்கி போடும் கூடுதல் கட்டணத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான், இதற்கு ஹாப்பர் என்று பெயர். இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: திரும்பும்போது மாடி பஸ்ஸில் ஏறி, மேலே முன்வரிசையில் இடம் பிடித்தால், பகலில் நடந்த தெருவையே இன்னொரு தடவை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம். ஏ10 சாலைக்கு 149, டூட்டிங் பக்கம் என்றால் 155.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் போனை எடுக்காதீர்கள். பக்கத்திலேயே மஞ்சள் தலையுடன் ஓர் உயரமான பலகை நிற்கும், லெஜிபிள் லண்டன் வரைபடம். அதில் மேல்பக்கம் வடக்கு அல்ல. நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்களோ அந்தத் திசைதான் மேலே இருக்கும். ஐந்து நிமிட நடைத் தூரம் எதுவரை என்று வட்டமும் போட்டிருப்பார்கள். ஒரு தடவை பழகிவிட்டால் போன் வரைபடம் பிடிக்காமல் போய்விடும்.

மேலே பாருங்கள், காலடியிலும் பாருங்கள்

தரைத்தளம் எங்கே போனாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கோழி பொரிக்கும் கடை, போன் பழுது பார்ப்பவர், நகம் அலங்கரிக்கும் கடை, பந்தயக் கடை. தெருவின் வயது முதல் மாடிக்கு மேலேதான் தெரியும். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். செங்கல்லில் பொறித்த வருடம், மூடிப்போன வங்கியின் சின்னம், சுவரில் பாதி அழிந்த பழைய விளம்பர எழுத்து எல்லாம் கண்ணில் படும்.

குறிப்பாகத் தேட வேண்டியது, பர்ட்டன் என்ற தையல் நிறுவனம் இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் தெருமுனைகளில் கட்டிய கடைகள். வெளுத்த கல் முகப்பு, உயரமான ஜன்னல், சிலவற்றில் மேலே யானைத் தலைகூட இருக்கும். மாடியில் அந்தக் காலத்தில் பில்லியர்ட்ஸ் கூடம் நடக்கும். கடை என்றோ கைமாறியிருக்கும், ஆனால் முழங்கால் உயரத்தில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தபடி, ஓர் அடிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாளியின் பிள்ளைகள் பெயரில், இந்தக் கல்லை இன்னார் இந்த ஆண்டில் நாட்டினார் என்று வெட்டியிருப்பார்கள். அது தெரிந்த பிறகு எந்த ஊர் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனாலும் கண் தானாக அங்கே குனியும்.

தெருப் பெயர்ப் பலகையையும் படியுங்கள். பலகையில் பரோவின் பெயரும் எஸ்டபிள்யூ17, இ1 மாதிரி அஞ்சல் எண்ணும் இருக்கும். பெயர் மாறினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். குப்பைத்தொட்டியின் நிறம்கூட மாறும்.

ஆரம்பிக்க மூன்று தெருக்கள்

முதலில் டூட்டிங். நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் டூட்டிங் பெக்கில் இறங்குங்கள். 1926-ல் கிளாப்பம் சவுத் முதல் மார்டன் வரை நீட்டிய பாதையின் நிலையங்களை சார்ல்ஸ் ஹோல்டன் வடிவமைத்தார்; போர்ட்லண்ட் வெள்ளைக்கல் முகப்பும் நடுவில் வட்டச் சின்னம் பதித்த பெரிய கண்ணாடியும் எல்லாவற்றுக்கும் பொது. அங்கிருந்து அப்பர் டூட்டிங் ரோடு வழியாகத் தெற்கே இறங்கினால் துணிக்கடை, நகைக்கடை, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் நடைபாதை வரை அடுக்கிய காய்கறிக் கடைகள். டூட்டிங் பிராட்வேக்குச் சற்று முன்னால் கூரை போட்ட இரண்டு சந்தைகள் இருக்கின்றன, ஒன்று 1930-லும் மற்றது 1936-லும் ஆரம்பித்தவை. மழை பெய்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போக்கலாம். துணி தைப்பவர், மீன்காரர், விக் கடை, அவற்றின் நடுவே நாலு ஸ்டூல் போட்ட சாப்பாட்டுக் கடை என்று கலந்து கிடக்கும்.

மிச்சம் ரோட்டில் திரும்பினால் பழைய கிரனாடா திரையரங்கம். 1931-ல் திறந்தது, இப்போது பிங்கோ ஆடும் கூடம். உள்ளே ஒரு கோதிக் தேவாலயம்போல் வளைவும் தூணுமாக அலங்கரித்தவர் ரஷ்ய நாடக இயக்குநர் தியோடர் கோமிசார்ஜெவ்ஸ்கி. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் மிக உயர்ந்த முதல் தரத்தில் இருக்கிறது, ஒரு சினிமாக் கொட்டகைக்கு அது சாதாரண விஷயம் அல்ல. சூதாட்டக் கூடம் என்பதால் பதினெட்டு வயது நிரம்பியவர்கள்தான் உள்ளே போகலாம்.

டூட்டிங்கில் தமிழ் காதில் விழும், பெரும்பாலும் ஈழத்தமிழ். கேரளச் சாப்பாட்டுக் கடைகளும் இலங்கைக் கடைகளும் டூட்டிங் ஹை ஸ்ட்ரீட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. தோசைக்கு நம் ஊரே போதும். இங்கே மதியம் மட்டன் ரோல்ஸ், சாயங்காலம் கொத்து என்று போங்கள், கல்லில் தகடு அடிக்கும் சத்தம் வாசலுக்கே கேட்கும். கோடையில் வந்தால் டூட்டிங் பெக் லிடோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1906-ல் திறந்த திறந்தவெளி நீச்சல்குளம், 91 மீட்டர் நீளம், தண்ணீர் ஜில்லென்றிருக்கும்.

இரண்டாவது, வைட்சேப்பல் முதல் பிரிக் லேன் வரை. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். வைட்சேப்பல் நிலையத்தின் பெயர் 2022 முதல் வங்காளியிலும் எழுதியிருக்கிறது. வெளியே வந்தால் அகலமான நடைபாதையில் சந்தைக் கடைகள். கிண்ணத்தில் மிளகாய், கிண்ணத்தில் தக்காளி, கிண்ணம் இவ்வளவு என்று விலை. எதிரே பழைய ராயல் லண்டன் மருத்துவமனைக் கட்டடம் இப்போது டவர் ஹாம்லெட்ஸ் பரோவின் நகர மண்டபம். மேற்கே நடந்தால் ஈஸ்ட் லண்டன் மசூதி தாண்டி இடப்பக்கம் அல்தாப் அலி பூங்கா வரும். இந்தப் பேட்டைக்கே பெயர் கொடுத்த வெள்ளைத் தேவாலயம் நின்ற இடம் அது. பழைய சுவர்கள் போன தடத்தைப் புல்லில் குறித்து வைத்திருக்கிறார்கள். 1978 மே 4 அன்று வேலை முடித்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி பக்கத்துத் தெருவில் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த போராட்டத்தால்தான் கிழக்கு லண்டன் வங்காளிகள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்று சொல்வது மிகையில்லை. டாக்காவின் மொழித் தியாகிகள் நினைவுச்சின்னத்தின் பிரதி ஒன்றும் மூலையில் நிற்கிறது. மொழிப்போர் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு அங்கே விளக்கப் பலகை தேவைப்படாது.

சாலையைக் கடந்து, 1901-ல் திறந்த வைட்சேப்பல் ஓவியக் கூடத்தை ஒட்டி வலப்பக்கம் ஆஸ்போர்ன் ஸ்ட்ரீட்டில் திரும்பினால் அதுவே பிரிக் லேனாகிவிடும். ஃபூர்னியர் ஸ்ட்ரீட் முனையில் ஒரு செங்கல் கட்டடம். 1743-ல் பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள் தேவாலயமாகக் கட்டினார்கள். பிறகு மெத்தடிஸ்டுகள், 1898-ல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்த யூதர்களின் ஜெபாலயம், 1976 முதல் மசூதி. சுவரின் உச்சியில் அந்தப் பழைய சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது, அதில் லத்தீனில் 'நாம் நிழல்கள்' என்று எழுதியிருக்கிறது. எதிர்ப்புறமாகத் தள்ளி நின்றால்தான் படிக்க முடியும்.

வாசலில் நின்று கூப்பிடும் கறிக் கடைகளை நான் விட்டுவிடுவேன். தள்ளுபடி சொல்லிக் கூப்பிட வேண்டிய நிலையில் ஒரு சமையல் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். வடக்குக் கோடி வரை போய் பேகல் என்ற வளைய ரொட்டி வாங்குங்கள். அடுத்தடுத்து இரண்டு கடைகள், பேகல் பேக் என்பது இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் சால்ட் பீஃப், கடுகோடு கேளுங்கள், மூக்கில் ஏறும். சாப்பிடாதவர்களுக்குக் க்ரீம் சீஸ் வைத்தது. கவுன்டரில் நின்று யோசிக்க விடமாட்டார்கள், வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, டால்ஸ்டன் கிங்ஸ்லண்டில் இறங்கி ஸ்டோக் நியூயிங்டன் வரை, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரே ரிட்லி ரோடு சந்தை: சேனை, கப்பைக்கிழங்கு, பச்சை வாழை, ஆப்பிரிக்கத் துணி. அங்கிருந்து வடக்கே துருக்கிக் கடைகள். ஜன்னலுக்குள் தாழ்வான பலகை முன் ஒரு பெண்மணி சப்பணமிட்டு உட்கார்ந்து, மெல்லிய நீளக் குழவியால் மாவைத் துணிபோல விரிப்பதைப் பார்த்தால் நில்லுங்கள். அது கோஸ்லமே, கீரையும் சீஸும் வைத்து மடித்துச் சுடுவார்கள், சைவர்களுக்கு இந்தத் தெருவில் அதைவிட நல்லது இல்லை. இறைச்சி என்றால் கரியடுப்புக்கு எதிரிலேயே இடம் கேட்டு உட்காருங்கள், சட்டையில் புகை வாசம் இரண்டு நாள் இருக்கும், அவ்வளவுதான். பழைய சினிமாக் கொட்டகை ஒன்று அஜீஸியே மசூதியாக நிற்பதையும் கவனியுங்கள். கோடியில் 1840-ல் திறந்த ஆப்னி பார்க் கல்லறைத் தோட்டம். எகிப்தியத் தூண் வாசலுக்குள் போனால் தெருவின் சத்தம் நின்றே போகும். அது கல்லறை மட்டுமல்ல, காடும்தான். ஸ்டோக் நியூயிங்டன் நிலையத்திலிருந்து வீவர் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் திரும்பலாம். ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயில் பாதைகளுக்கு 2024-ல்தான் தனித்தனிப் பெயர் வைத்தார்கள், பழைய வரைபடத்தில் தேடாதீர்கள்.

சாப்பிடும் முன்

பசியோடு தெருவில் இறங்காதீர்கள், முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடுவீர்கள். தெருவை ஒரு பக்கமாக முழுக்க நடந்து, மறுபக்கமாகத் திரும்பும்போது உட்காருங்கள். இரண்டு பேர் என்றால் மூன்று கடையில் ஒவ்வொரு தட்டாகப் பகிர்ந்துகொள்வது, ஒரே கடையில் மூன்று பதார்த்தம் வாங்குவதைவிட மேல்.

கதவில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: சுகாதார மதிப்பெண், 0 முதல் 5 வரை. இங்கிலாந்தில் அதை ஒட்டியே தீர வேண்டும் என்ற சட்டம் இல்லை, வேல்ஸில் உண்டு. ஆகவே ஸ்டிக்கரே இல்லையென்றால் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், எல்லாக் கடையின் மதிப்பெண்ணும் அங்கே கிடைக்கும்.

பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் என்று சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் விருப்பம் சார்ந்தது. சேவை பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடச் சொல்லலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அது சேர்ந்திருக்கும்போது மேற்கொண்டு டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணத்தை ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மது விற்க உரிமம் உள்ள கடையில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், அதனால் பாட்டில் கொண்டுவரட்டுமா என்று கேட்டால் 'டாப் வாட்டர்' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பழைய பாணி லண்டன் சாப்பாடு பார்க்க ஆசையென்றால் பெத்னல் கிரீன் ரோட்டில் பெலிச்சி இருக்கிறது, 1900 முதல் ஒரே இத்தாலியக் குடும்பம் நடத்துகிறது. மரப்பலகை வேலைப்பாடு செய்த உள்சுவருக்கே பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஞாயிறு விடுமுறை. நாற்காலி இடிக்கும், பக்கத்து மேசைக்காரர் பேச்சுக் கொடுப்பார், அதுதான் அங்கே போவதற்கே காரணம்.

உட்காரவும் ஒதுங்கவும்

கழிப்பறைதான் இந்த ஊரின் பெரிய தலைவலி. பொதுக் கழிப்பறைகள் குறைவு, பல மூடிவிட்டார்கள். நூலகம், பூங்கா கஃபே, அருங்காட்சியகம், பெரிய சூப்பர் மார்க்கெட் என்ற வரிசையில் தேடுங்கள். பேட்டை நூலகத்துக்குள் யாரும் எதுவும் கேட்காமல் நுழையலாம், உட்காரலாம், சூடாகவும் இருக்கும். பெக்கமில் ரை லேனைச் சுற்றுகிறவர்கள் அங்குள்ள நூலகத்தை அதன் வடிவத்துக்காகவே பார்க்கலாம். தலைகீழ் 'எல்' வடிவத்தில் சாய்ந்த தூண்கள் மேல் நிற்கிறது, கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசை 2000-ஆம் ஆண்டில் வாங்கிய கட்டடம்.

எல்லா சதுக்கமும் பொது இடம் அல்ல. கிங்ஸ் கிராஸின் கிரானரி ஸ்கொயர் மாதிரி இடங்கள் பார்க்கப் பொதுவாக இருந்தாலும் தனியார் சொந்தம். சும்மா உட்காரலாம், குழந்தைகள் நீரூற்றில் நனையலாம், ஆனால் முக்காலி வைத்துக் கேமரா நிறுத்தினால் காவலர் வந்து கேட்பார். பிரிக்ஸ்டனின் விண்ட்ரஷ் ஸ்கொயர் வேறு ரகம். 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியனிலிருந்து வந்தவர்களில் தங்க இடமில்லாதவர்களைக் கிளாப்பம் சவுத் நிலையத்தடியில் இருந்த போர்க்காலப் பதுங்குகுழியில் படுக்க வைத்தார்கள். வேலை தேட அருகில் இருந்த அலுவலகம் பிரிக்ஸ்டனில். அப்படித்தான் அந்தப் பேட்டையின் முகம் மாறியது. அந்த ஸ்கொயரில் நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருப்பார்கள், ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

கிளம்பும் முன் சில

சந்தைக்குக் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அட்டை செல்லும் என்றாலும். கடைக்காரரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். போனைப் பார்க்க வேண்டுமென்றால் நடைபாதையின் ஓரத்தில் சாலையைப் பார்த்து நிற்காதீர்கள், சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்: மின்சார சைக்கிளில் வந்து கையிலிருந்து பிடுங்கிப் போவது இங்கே அன்றாடம் நடக்கிறது. மூன்று தெருக்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மழை நாளில் டூட்டிங், ஞாயிறு என்றால் பிரிக் லேன், சாயங்காலம் வரை நேரமிருக்கும் வெயில் நாளில் டால்ஸ்டன். வெள்ளி, சனி இரவில் நார்தர்ன் லைன் விடியவிடிய ஓடும், டூட்டிங் வழியாகத்தான். கடைசி ரயிலை நினைத்துக் கொத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டாம்.